ஒரு நொடி ஓசையும் ஓசியில் ஆர்க்கெஸ்ட்ராவும்

1979இல் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு நண்பர்கள் ஃபேர்லைட் என்றொரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாய் குரைப்பதோ கண்ணாடி உடைவதோ, எந்தச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து, அதைக் கீபோர்டின் கட்டைக்குக் கட்டை சுருதி மாற்றி வாசிக்கலாம். பச்சை எழுத்துத் திரை, தொட்டு வரைய ஒளிப்பேனா, எட்டு அங்குல ஃபிளாப்பி. ஒரே நேரத்தில் எட்டுச் சுரம் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் 16 கேபி நினைவகம். காதுக்கு ஒத்துவரும் தரத்தில் அதற்குள் ஏறக்குறைய ஒரு நொடிச் சத்தம்தான் அடங்கும். விலை பல்லாயிரம் டாலர். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்ற பாப் பாடகர்கள் கையில்தான் அது புழங்கியது.

அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ இசைத்தட்டிலிருந்து முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து அடிக்கும் ஒரே ஒரு அடியை ஃபேர்லைட்டில் ஏற்றினார்கள். அது 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானெட் ராக்’ பாட்டில் ஒலித்தது. அதன்பின் அந்தப் பத்தாண்டு முழுக்க உலகப் பாப் இசையில் அடி மேல் அடி. 1991இல் கீபோர்டுகளுக்கான பொது ஒலிப்பட்டியல் ஒன்றை வகுத்தபோது ‘ஆர்க்கெஸ்ட்ரா ஹிட்’ அதில் நிரந்தர இடம் பிடித்தது. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் நின்ற கீபோர்டுகளிலும் அந்த டோன் இருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயரே கேள்விப்படாதவர் விரல் அவருடைய இசைத்துண்டின் வாரிசை ‘டஷ்’ என்று தட்டிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் மூத்தது மெல்லட்ரான். 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா, அதில் புல்லாங்குழலோ வயலினோ வாசித்த ஒரு சுரம். கட்டையை அழுத்திப் பிடித்தால் எட்டு நொடி ஒலிக்கும், பிறகு நாடா தீர்ந்து நின்றுவிடும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ தொடக்கத்தில் கேட்கும் குழலோசை அதுதான்.

இப்படிச் சத்தத்தைப் பதிந்து வாசிக்கும் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். எண்பதுகளில் அதன் விலை மளமளவென்று இறங்கியது. எமுலேட்டர் 1981இல் வந்தது, என்சோனிக் மிராஜ் 1,700 டாலருக்குள் கிடைத்தது, ஆகாய் எஸ்1000 1988இல் குறுந்தகட்டின் தரத்தில் பதிவு செய்தது. எஸ்1000இன் அடிப்படை நினைவகம் 2 எம்பி. கணக்குப் போட்டால் ஒற்றைத் தடத்தில் 24 நொடிக்கும் குறைவு. பியானோவின் 88 கட்டைகளை இதற்குள் எப்படித் திணிப்பது? சில கட்டைகளை மட்டும் பதிவு செய்து இடையில் உள்ளவற்றுக்கு அதையே சுருதி இழுத்துப் பயன்படுத்துவார்கள். சுரத்தின் தொடக்கத்தை வைத்துக்கொண்டு, வாலை வெட்டி, ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிடுவார்கள். அந்தச் சுழற்சி காதில் இடறாமல் இருக்க இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் உண்டு. கீபோர்டு ப்ரோகிராமர் என்ற தொழிலில் பாதி வேலை இந்த வெட்டல் ஒட்டல்தான். கஞ்சத்தனமான இயந்திரம் ஆளைக் கவனமாகக் கேட்கவைத்தது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு சாம்ப்ளர் பெட்டியே காணாமல் போனது. இசை மென்பொருளுக்குள் பிளக்-இன்களைச் செருகும் விஎஸ்டி முறையை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்தது. 1999இல் வாத்தியங்களும் பிளக்-இன்னாகவே கணினிக்குள் வந்துவிட்டன. 1998இல் கிகாசாம்ப்ளர் இன்னொரு கதவைத் திறந்தது: ஒவ்வொரு சுரத்தின் முதல் துளியை மட்டும் நினைவகத்தில் வைத்து, மிச்சத்தை வாசிக்க வாசிக்க ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்தது. இனி 2 எம்பிக்குள் முடங்க வேண்டாம். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் செல்லோ வாசித்த ஹெர்ப் டுக்மாண்டல் தொடங்கிய வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி, ஒரே சுரத்தை மென்மையாக, அழுத்தி, வெட்டி, இழைத்து என்று வகைவகையாகப் பதிவு செய்து அடுக்கியது. அருமையான சரக்கு, விலையும் அப்படியே.

அந்த நாளிலும் இலவசம் இருந்தது. பூட்டு உடைத்த மென்பொருளும் நகல் குறுந்தகடும் கைமாறிக்கொண்டிருந்தன. இசை பழகும் பையனிடம் காசு இல்லை, வேறு வழியும் இல்லை என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இன்று அந்தச் சமாதானம் செல்லாது.

ஏனென்றால் சட்டப்படி ஓசியில் கிடைப்பதே கணினி கொள்ளாத அளவுக்கு இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1997 முதலே எதிரொலி இல்லாத அறையில் வாத்தியங்களைப் பதிவு செய்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறது. கொஞ்சம் வறட்சியான ஒலி, ஆனால் அப்பழுக்கில்லாதது. லண்டன் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவும் தன் கலைஞர்கள் வாசித்த தனிச்சுரங்களைத் தருகிறது. அலெக்சாண்டர் ஹோல்ம் உருவாக்கிய சாலமாண்டர் பியானோ, ஒரு யமஹா சி5 பியானோவை 16 அழுத்த நிலைகளில் பதிவு செய்தது. ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2018இல் லேப்ஸ் வரிசையை இலவச பிளக்-இன்னாக வெளியிட்டது. அதில் வந்த சாஃப்ட் பியானோ எத்தனை குறும்படங்களில் அழுதிருக்கிறது என்று எண்ணி மாளாது, எனக்கு அலுத்தேவிட்டது.

அதே ஸ்பிட்ஃபயர், பிபிசி சிம்ஃபோனி ஆர்க்கெஸ்ட்ராவை லண்டன் மைடா வேல் கூடத்தில் பதிவு செய்து பெரிய தொகுப்பாக விற்றது. அதன் மிகச்சிறிய வடிவமான டிஸ்கவர் 2020இல் வெளியானது. அப்போது 49 பவுண்டு கட்ட வேண்டும். அல்லது ஒரு கேள்விப் படிவத்தை நிரப்பிவிட்டுப் பதினான்கு நாள் காத்திருந்தால் சும்மாவே தந்தார்கள். 33 வாத்தியங்கள், சுமார் 200 எம்பி. எஸ்1000இன் நினைவகத்தைப் போல நூறு மடங்கு, இருந்தும் இது குட்டி வடிவம். பெரியதற்கு 600 ஜிபி வரை வேண்டும்.

ஓசி என்றாலும் விலை வேறு பக்கம் எழுதியிருக்கும். முதல் விலை மின்னஞ்சல் முகவரி; தள்ளுபடிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வட்டின் இடம். மூன்றாவதுதான் பலரைக் கடுப்பேற்றுவது: சில தொகுப்புகள் இலவசம், அவற்றைத் திறக்கும் கான்டாக்ட் மென்பொருளின் முழுப் பதிப்பு இலவசமில்லை. இலவசமான கான்டாக்ட் பிளேயரில் போட்டால் சில நிமிடம் ஒலித்துவிட்டு வாயடைத்துப்போகும். இறக்குவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும். உரிமத்தையும் அப்படியே. விஎஸ்சிஓ 2 என்ற ஆர்க்கெஸ்ட்ராத் தொகுப்பின் சமூகப் பதிப்பு எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விடப்பட்டது. வேறு சிலவற்றை வணிகப் படைப்பில் சேர்க்கக் கூடாது. விளம்பரத்துக்கோ படத்துக்கோ போட்ட பிறகு தெரிந்தால் தலைவலி. உங்கள் பாட்டை விற்கலாம், தனிச்சுரங்களை எடுத்து மறுபடி விற்கக் கூடாது என்பது பெரும்பாலானவற்றின் விதி.

புதிதாக ஒன்றை இறக்கினால் டெமோ இசையை நான் கேட்பதே இல்லை. ஒரே கட்டையை வேகமாகப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டிப் பார்ப்பேன். நல்ல தொகுப்பில் ஒரே சுரத்தைச் சில முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து, மாற்றி மாற்றி ஒலிக்க வைத்திருப்பார்கள். இல்லையென்றால் துப்பாக்கி சுடுவதுபோல ஒரே சத்தம் படபடக்கும். அடுத்து, மெல்லத் தொட்டு மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டினால், வாத்தியத்தின் குணம் மாறுகிறதா, சத்தம் மட்டும் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். இந்த இரண்டிலும் தேறியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். அழிக்க மனம் வராமல் சேர்த்துவைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஃபேர்லைட்காரனுக்கு ஒரு நொடிதான் இருந்தது, அதைத் தேய்த்துத் தேய்த்து வாசித்தான். இவர்களிடம் திறந்தே பார்க்காத முந்நூறு தொகுப்பு கிடக்கிறது.

நம் இசைக்கு வந்தால் கதை வேறு. சாம்ப்ளர் என்பதே அசையாத சுரங்களின் அலமாரி. பியானோவுக்கு அது போதும், பியானோவே அப்படித்தான். தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் எங்கே வைப்பது? அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைவுதான் அந்தச் சுரம். பிட்ச் சக்கரத்தை உருட்டி அசைக்கலாம்தான். ஆனால் பதிவான ஒலியைச் சுருதி இழுக்கும்போது வாத்தியத்தின் உடம்பே கூடச் சேர்ந்து சுருங்கி விரிகிறது. நாகஸ்வரக்காரர் சீவாளியில் கொடுக்கும் மூச்சாலும் பாதி மூடிய விரலாலும் வருவது அதில் வராது. பிறகு என்ன வரும் என்றால், படங்களில் கல்யாணக் காட்சிக்கு ஒலிக்கும் அந்த மொட்டை நாகஸ்வரச் சத்தம் வரும். இதற்கு வழி, தனிச்சுரங்களை விட்டுவிட்டு ஒரு ராகத்தின் சிறு பிடிகளைப் பிடியாகவே பதிவு செய்வது. தவிலுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளும் இடக்கைக் கழியும் தரும் சொற்களைப் பல அழுத்தங்களில் எடுத்துவிட்டால் ஓரளவு தேறிவிடும்.

இலவசத் தொகுப்புகளில் மேற்கத்திய வயலினும் வீட்டுப் பியானோவும் குவிந்து கிடக்க, நாகஸ்வரமும் தவிலும் நான் தேடியவரை அரிதாகவே தட்டுப்படுகின்றன. யாரோ உட்கார்ந்து பதிவு செய்ததுதான் கிடைக்கும். கிறிஸ்டியன் ஹென்சன் தொடங்கிய பியானோபுக்கில் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுப் பியானோவைப் பதிவு செய்து பகிர்கிறார்கள். டேவிட் ஹிலோவிட்ஸின் டீசன்ட் சாம்ப்ளர் இலவசம். அதற்கான கோப்பை நோட்பேடிலேயே எழுதலாம். அமைதியான அறையும் சுமாரான மைக்கும் இருந்தால் ஒரு வார இறுதியில் ஒரு வாத்தியம் முடிந்துவிடும். ஆகவே கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்த் தவில் வித்வானையோ உடுக்கை வாசிப்பவரையோ போய்ப் பாருங்கள். உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்துவார்கள் என்பதை விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், ஒரு கச்சேரிக்கு உரிய பணத்தைக் கையில் கொடுங்கள், பதிவு செய்து வெளியிடுங்கள். வாத்தியத்தின் பெயருக்கு மேலே வாசித்தவர் பெயரைப் போடுங்கள்.