லக்கலவின் புதுக் குடியிருப்பும் வளரும் தலைமுறையின் தொழிலும்



நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சாரலில் அமைந்துள்ளது லக்கல. களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய பல்லேகம நகரும் அயற் கிராமங்கள் சிலவும் இடம்பெயர்ந்தன. 2018 ஆம் ஆண்டில் நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கினர். 2019 ஆம் ஆண்டில் புதிய லக்கல நகரம் திறந்து வைக்கப்பட்டது. பாடசாலையும் வைத்தியசாலையும் அலுவலகங்களும் ஒருங்கே எழுந்தன. எனினும், கட்டடங்கள் மாத்திரம் ஊரை நிலைநிறுத்தமாட்டா, தொழிலே நிலைநிறுத்தும்.

1977 ஆம் ஆண்டின் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலிக் குடியேற்றங்களில், குடும்பமொன்றுக்குப் பொதுவாக இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் வழங்கப்பட்டன. முதற்றலைமுறை அதனைக் கொண்டு வாழ்ந்தது. நான்கு பிள்ளைகள் அவ்வயலைப் பங்கிடின் ஒருவருக்கு முக்கால் ஏக்கரும் தேறாது. ஒருவருக்கே விடின் ஏனைய மூவர் வேலை தேடி வெளியேறுவர். குடும்பம் பெருகும்; வயல் பெருகாது. இதனை முன்னரே எண்ணித் திட்டமிடல் வேண்டும்.

இதற்கென ஊரவர் செய்யத்தக்கவை வருமாறு:

1. அடுத்த பத்து ஆண்டுகளில் பாடசாலைக் கல்வியை முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கிராமந்தோறும் கணக்கிடுக. எத்தனை பேருக்கு வயல் உண்டு, எத்தனை பேருக்கு வேறு தொழில் வேண்டும் என்பது அப்போது புலனாகும்.

2. ஈரமும் நிழலும் போதிய வீட்டு நிலங்களில் கிளிசரிடியா மரங்களில் மிளகைப் படரவிடுக. மாத்தளை மிளகுக்குப் பேர்பெற்ற மாவட்டம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே உள்ளது. நாற்று, பராமரிப்பு ஆகியன பற்றி அத்திணைக்கள உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறுக.

3. பச்சை மிளகாக விற்றுவிடாது, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, சுத்தமான களத்தில் உலர்த்துக. விரைவில் உலரும்; நிறமும் ஒரு சீராகும். மூன்று கிலோ பச்சை மிளகு ஏறக்குறைய ஒரு கிலோ உலர் மிளகு தரும். உலர்த்தல், தரம் பிரித்தல், பொதியிடல் ஆகியவை வயலற்ற இளைஞருக்கும் பெண்களுக்கும் ஊரிலேயே வேலையாகும்.

4. உலர்களம், களஞ்சியம், இயந்திரம் திருத்தும் பட்டறை ஆகியவற்றுக்குரிய பொதுநிலத்தை இப்பொழுதே ஒதுக்குவித்துக் கொள்க. வீடுகள் நெருங்கிய பின்னர் இடம் கிடைப்பதரிது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நீர் விடும் நாளைத் தீர்மானிக்கக் கூடுகின்றீர்கள். அதே கூட்டத்தில், ஊர்ப் பிள்ளைகளின் தொழிலையும் ஒரு விடயமாகச் சேர்த்து ஆராய்க. நீரைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு வேலையைப் பங்கிடுதல் அரிதன்று.