எடுத்த படத்தை விற்க யார் கைகொடுப்பது?

பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் அமைக்கப்போவதாக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. ஆவடியில் சின்னப் படங்களுக்கு சப்டைட்டில் போட்டுப் பிழைக்கும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், எடுத்த படத்தை விற்கவும் பணம் வேண்டுமே!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்துக்கொண்டே படம் முடித்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். படம் ஹார்டு டிஸ்க்கில் தூங்குகிறது. தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபி, டிரெய்லர், போஸ்டர், விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் என்று எல்லாமே செலவு. கடனில் படமெடுத்தவர் கையில் அப்போது என்ன மிஞ்சும்?

சிறுமுதலீட்டுத் தரமான படங்களுக்கு மாநில அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. அது படம் வெளியான பிறகு கிடைப்பது. மத்திய அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் கோவாவில் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையை நடத்துகிறது. வேலை முடியாத படங்களைக்கூட விழாத் தேர்வாளர்களும் வெளிநாட்டு விற்பனையாளர்களும் அங்கே பார்க்கிறார்கள்.

ஆனால், விழாவில் கவனம் பெற்றாலே படம் விற்றுவிடாது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படம் 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வென்றது. அதே ஆண்டு ஆஸ்கருக்கும் போனது. நம் வீட்டுத் திரைக்கு வந்தது 2023-இல்தான். விருது வேறு, வியாபாரம் வேறு.

ஐரோப்பாவில், பிற கண்டங்களில் நடக்கும் விழாக்களில் தங்கள் படங்களை விற்கும் நிறுவனங்களுக்கு விளம்பரச் செலவில் ஒரு பங்கைப் பொதுநிதி ஏற்கிறது. நமக்கும் அப்படியொரு நிதி வேண்டும்: வெளியீட்டுக்கு முன்பே, பில்லைக் காட்டினால் கிடைக்கிற மாதிரி.