போன பலம் திரும்ப வரும்! அவசரம் மட்டும் கூடாது!

கல்லின் பெயரைத் தாங்கிய ஊர் திண்டுக்கல். திண்டு போலத் தோன்றும் பாறையால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பாறையின் மேல்தான் மலைக்கோட்டை நிற்கிறது.

தென் மாவட்டங்களில் கல் தூக்குவது ஒரு காலத்தில் வாலிபர்களின் வீர விளையாட்டு. ஊர்ப் பொது இடத்தில் உருண்டையான ஒரு கல் கிடக்கும். "இளவட்டக்கல்" என்று அதற்குப் பெயர். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவனே வீரன்! சில ஊர்களில் பொங்கலன்று இந்தப் போட்டி இன்றும் நடக்கிறது.

இப்போது கல்லின் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன.

அங்கே வருகிறவர்களில் ஒரு ரகத்தினர் உண்டு. 20 வயதில் தினமும் பளு தூக்கியவர்கள். பிறகு கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தன. கடை, வேலை, கடன் என்று 10 வருடம், 15 வருடம் ஓடிவிட்டது. மார்பு இறங்கியது, வயிறு ஏறியது! ஒருநாள் கண்ணாடியைப் பார்த்து, "மறுபடியும் ஆரம்பிப்போம்" என்று புறப்படுகிறார்கள்.

"நான் 80 கிலோ தூக்கினவன்!" என்று முதல் நாளே அதே எடையில் கை வைக்கிறார் ஒருவர். மறுநாள் கையை உயர்த்த முடியவில்லை. சட்டை போட மனைவியின் துணை வேண்டியிருக்கிறது!

போன பலம் திரும்ப வருமா? வரும். ஆனால் வருகிற வழி வேறு.

உடம்பு மறப்பதில்லை

தசை நார்களுக்குள் "உட்கரு" என்ற நுண்ணிய பகுதிகள் இருக்கின்றன. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி நின்று வேலை வாங்குவதுபோல, தசையைக் கட்டும் வேலையை நடத்துபவை இவைதான். பளு தூக்கினால் இவை பெருகுகின்றன.

பயிற்சியை விட்டால் தசை சுருங்குகிறது. மேஸ்திரிகளும் போய்விடுகிறார்களா? நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர விஞ்ஞானிகள் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2010-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். தசை சுருங்கி 3 மாதம் ஆன பிறகும் உட்கருக்கள் அப்படியே இருந்தன! எலியின் ஆயுளில் 3 மாதம் என்பது நீண்ட காலம்.

மனிதர்களை வைத்துப் பின்லாந்து நாட்டில் நடந்த ஆராய்ச்சி 2024-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் 20 வாரம் விடாமல் பளு தூக்கினார்கள். மற்றப் பிரிவினர் 10 வாரம் தூக்கி, 10 வாரம் நிறுத்தி, மறுபடியும் 10 வாரம் தூக்கினார்கள். கடைசியில் இரண்டு பிரிவினரின் பலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இடையில் இழந்ததை அவர்கள் சில வாரங்களிலேயே மீட்டுக்கொண்டார்கள்.

10 வருடம் விட்டவருக்கு இதைவிட அதிக நாள் பிடிக்கும். ஆனால் அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. முன்பு உழைத்த உழைப்பு முழுவதும் வீண் போகவில்லை.

குறைத்துத் தூக்கித் தங்கம் வென்றவர்

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்.

2018 காமன்வெல்த் போட்டிக்கு முன்பு, தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையில் அடிபட்டது. தேறி வந்து ஆஸ்திரேலியா சென்றார். அங்கே அவர் தூக்கியது 317 கிலோ. பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு! ஆனாலும் தங்கம் அவருக்கே கிடைத்தது. வெற்றி உறுதியானதும் கடைசி வாய்ப்பில் அவர் பளுவைத் தொடவே இல்லை.

மணிப்பூர் வீராங்கனை மீராபாய் சானுவின் கதையும் இதுதான். 2018-ல் 196 கிலோ தூக்கிக் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். பிறகு முதுகு வலி வந்தது. அந்த ஆண்டு ஆசியப் போட்டிக்குப் போகவில்லை. 2019 பிப்ரவரியில் தாய்லாந்து போட்டியில் திரும்ப வந்தபோது தூக்கியது 192 கிலோ. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார்!

வீரர்களே குறைத்துத் தொடங்குகிறார்கள். நமக்கு ஏன் அவசரம்?

அபாயம் எங்கே இருக்கிறது?

தசை சீக்கிரம் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டுகிற நாண்கள் அவ்வளவு சீக்கிரம் தேறா. "தூக்க முடிகிறதே" என்ற உற்சாகத்தில் எடையைக் கூட்டினால் தோளும் முழங்காலும் முதுகும் பழுதாகும்.

அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பழக்கமில்லாத உடம்பு அளவுக்கு மீறி உழைத்தால் தசை சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் பாதிக்கப்படும். கடுமையான வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே, பழைய எடையில் பாதிக்கும் குறைவாகவே தொடங்குங்கள். வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும். இடையில் ஒருநாளாவது ஓய்வு வேண்டும். "இன்னும் இரண்டு முறை தூக்கலாம்" என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களும் முதலில் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

டப்பாவில் என்ன இருக்கிறது?

திரும்ப வருகிறவர் கேட்கும் அடுத்த கேள்வி, "எந்தப் பவுடர் வாங்கலாம்?"

"வே புரோட்டீன்" என்று பெரிய டப்பாக்களில் விற்கிறார்களே, அது ஒன்றும் மாய மருந்து அல்ல. பால் திரிந்தால் தெளிந்த தண்ணீர் பிரியும் அல்லவா? அதிலிருந்து எடுத்து உலர்த்திய புரதச் சத்துதான் அது. ஒரு கரண்டிப் பொடியில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கும். நான்கு முட்டையிலும் அவ்வளவு இருக்கிறது!

"கிரியேட்டின்" என்பது இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாக உள்ள பொருள். பளு தூக்க ஓரளவு கைகொடுக்கும். தசையில் நீரைச் சேர்ப்பதால் முதல் வாரத்திலேயே எடை ஏறியதுபோலத் தெரியும். அது தசை அல்ல! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

டப்பாவின் மேல் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா? நம் நாட்டில் விற்கும் 36 வகைப் பொடிகளைக் கேரள டாக்டர் ஒருவரின் குழுவினர் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவிகிதத்தில் புரத அளவு எழுதியபடி இல்லை! சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

சாப்பாட்டுக் கணக்கு

சாதாரண மனிதருக்குத் தினமும் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பளு தூக்குகிறவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு, குறைந்தது 72 கிராம்.

இதோ கணக்கு: 3 முட்டையில் 18 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம். 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10 கிராம். 300 கிராம் அரிசியைச் சோறாக்கினால் 20 கிராம். மொத்தம் 76 கிராம்!

நிலக்கடலை நம் திண்டுக்கல் சமவெளியில் விளைகிற பொருள். வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடலாம். சாப்பாட்டில் நிறைவு செய்ய முடியாதவர்களுக்கு மட்டும் பொடி ஒரு துணை, அவ்வளவுதான். பிள்ளைகளின் பாலைக் குறைத்து அப்பாவுக்கு டப்பா வாங்கவேண்டியதில்லை.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். பல நாள் திறக்காத பூட்டை என்ன செய்வோம்? எண்ணெய் விட்டு, மெதுவாகச் சாவியைத் திருப்புவோம். முரட்டுத்தனமாகத் திருகினால் சாவிதான் ஒடியும்.

உடம்பும் அப்படித்தான். சாவி உங்கள் கையில் இருக்கிறது. மெதுவாகத் திருப்புங்கள்!