ரொட்டிக் கல்லும் கோதுமை மாவும்

இந்த இரும்புக் கல்லின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருப்பதைப் பாருங்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, இதில் போட்டுச் சுடுவார்கள். தொட்டுக்கொள்ளச் சம்பல், குடிக்கச் சாயத்தண்ணி. காலையில் இதைத் தின்றுவிட்டுத்தான் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கை மலையகத்தின் இறம்பொடை மலைகளில் தேயிலைக் கொழுந்தெடுக்க ஏறினார்கள்.

கோதுமை இலங்கையில் வணிகப் பயிரே அல்ல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டம் தொடக்கத்தில் அரிசியைத்தான் கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் மா வந்தது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் அடுப்பில் ரொட்டி நிலைத்தது.

1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அருகியது. அப்போது நாட்டில் இறப்பு வீதம் மிகக் கடுமையாக உயர்ந்தது தோட்டங்களில்தான். இந்த ரொட்டியை ஏழைச் சாப்பாடு என்று லேசாகச் சொல்லிவிடக் கூடாது.

ஏழைகளின் ரொட்டி வேறு இடங்களிலும் உண்டு. வட ஐரோப்பாவின் ஏழை உழவர்கள் ரை என்னும் தானியத்தில் ரொட்டி சுட்டார்கள். குளிரையும் சத்தற்ற மண்ணையும் தாங்கும் பயிர் அது. அவர்கள் வயலிலேயே விளைந்தது. மலையகத்து ரொட்டிக்கான கோதுமையோ இன்றும் கப்பலில்தான் வருகிறது. திருகோணமலையில் 1980 முதல் ஒரு பெரிய ஆலை அதை மாவாக்குகிறது.