ஜூடோவில் காயம் எங்கே, எப்படி ஏற்படுகிறது? பெற்றோர் அறிய வேண்டியவை

செலாயாங் – சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ போல ஜூடோவும் பிள்ளைகள் விரும்பும் தற்காப்புக் கலைகளில் ஒன்று. இதில் குத்தும் இல்லை, உதையும் இல்லை; ஆகவே காயமும் இருக்காது என்று எண்ணும் பெற்றோர் உண்டு. அது பாதி உண்மைதான்.

2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் கலந்து கொண்ட ஜூடோ வீரர்களில் ஏறக்குறைய 100க்கு 11 அல்லது 12 பேர் காயமடைந்தனர். ஜூடோ காயங்களுக்கு முதன்மையான காரணம் எதிராளியால் தூக்கி வீசப்படுவதுதான்.

அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால், தோள்பட்டை, விரல்கள். கால் தரையில் ஊன்றி நிற்கும்போது எதிராளி அதை வாரிவிட்டால், உடல் ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் மறுபக்கம் மடங்குகிறது. உள்ளே இருக்கும் தசைநார் அறுந்தால் பல மாதங்கள் களமிறங்க முடியாது. விழும்போது கையை நீட்டி ஊன்றினால் தோள்பட்டை விலகலாம், காரை எலும்பு முறியலாம். கைப்பூட்டுப் பிடியில் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டத் தாமதித்தால் முழங்கை போய்விடும்.

எதிராளியின் சட்டையை விடாமல் இறுகப் பற்றுவதால் விரல் மூட்டுகள் சுளுக்கி வீங்குகின்றன. "விரல்தானே" என்று விட்டுவிட்டால் அது நிரந்தரமாகக் கோணிப்போகலாம். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற செலாயாங் மருத்துவமனை இவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், இறந்துபோன இரட்டைச் சகோதரியின் கையை ஒரு குழந்தைக்குப் பொருத்தியது இம்மருத்துவமனைதான்.

எலும்பு கூடும், தலைக்காயம் அப்படியல்ல. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் சுமார் 30 ஆண்டுகளில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் உயிரிழந்தனர். பலருக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உலக வீரர்கள் அல்லர். சரியாக விழக் கற்றுக்கொள்ளாத புதியவர்கள். பின்னோக்கி வீழ்த்தும் 'ஓசோதோ-காரி' வீச்சில் பின்மண்டை தரையில் மோதும் அபாயம் அதிகம். தலை வேகமாக உலுக்கப்பட்டாலே மூளையின் இரத்தக்குழாய்கள் கிழியலாம். அதனால்தான் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அடித்து விழும் 'உகேமி' முதல் பாடமாகிறது.

உயர்நிலை வீரர்களுக்கு இன்னோர் எதிரி, எடைக் குறைப்பு. குறைந்த எடைப் பிரிவில் நுழையப் பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி உடல் நீரை வற்றவைக்கின்றனர். உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பவர்களுக்குக் காய அபாயம் கூடுகிறது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிற்குத் தயாரான தென்கொரிய வீரர் சுங் சே ஹூன் கடும் எடைக் குறைப்பின்போது இறந்தார். இன்று எடை பார்த்த மறுநாள் காலை திடீர்ச் சோதனையும் நடக்கிறது.

காயம் பட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மணிப்பூரைச் சேர்ந்த சுஷிலா தேவி 2014 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர். 2018இல் தொடையின் பின்தசைக் காயத்தால் ஆசியப் போட்டியைத் தவறவிட்டார். பின்னர் தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே ஜூடோ வீராங்கனையாகக் களமிறங்கி, 2022இல் பர்மிங்ஹாமில் மீண்டும் வெள்ளி வென்றார்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை சில. விழும் பயிற்சி எத்தனை வாரம்? புதியவரை யாரோடு மோத விடுகிறீர்கள்? விரிப்புகளுக்கிடையே இடைவெளி உண்டா? வளரும் பிள்ளையை எடை குறைக்கச் சொல்வீர்களா?

தலையில் அடிபட்ட பிள்ளை தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை மீண்டும் களமிறக்கக் கூடாது. அடுத்த வாரப் போட்டிப் பதக்கம் அதற்கு ஈடாகாது.