கடலிற் கீறிய கோடும் பட்டப்பின் படிப்பும்

பள்ளிமுனைக் கரையில் வலை பொத்துவோரிடம் சர்வதேச உறவுகள் என்பது யாதென வினவினால், அப்பெயரை அவர் அறியாதிருக்கலாம், பொருளை நன்கறிவார். பாக்கு நீரிணையின் எல்லை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும், மன்னார்க் குடாவின் எல்லை 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் வரையறுக்கப்பட்டன. அவ்விரு கோடுகளும் ஆதாம் பாலத்தருகே, எமது தீவின் தலைமாட்டிலேயே, பொருந்துகின்றன. அக்கோட்டைத் தாண்டி வரும் இழுவைப்படகுகள் வலையை அறுத்துச் செல்லும் இரவுகளில், இரு நாட்டு உறவு என்பது வீட்டுக் கணக்காகி விடுகின்றது.

எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் அத்தகைய வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் ஒருநாள், “கோட்டை யார் கீறினது, சேர்?” என்று கேட்டார். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றையே உடைய எமக்கு அன்று விடை தெரிந்திலது. பின்னர் அவர் அரசறிவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, இத்துறையிற் பட்டப்பின் படிப்பை நாடினார். முதலாண்டில் விண்ணப்பித்த இடமெல்லாம் மறுத்துவிட்டன.

அம்மறுப்பில் எமக்கும் பங்குண்டு. விண்ணப்பத்தின் உயிர்நாடி, ஏன் கற்க விழைகின்றேன் என விண்ணப்பதாரர் எழுதும் நோக்கக் கூற்று. அதனை அவர் முதலில் தமிழில் எழுதி எம்மிடம் காட்டினார். உலக சமாதானம், மானுட ஒருமைப்பாடு என அடைமொழிகளைப் பெய்து நாம் அதனை அலங்கரித்தோம். அஃது ஆங்கிலமானபோது எந்நாட்டு எம்மாணவரும் எழுதக்கூடிய வெறுங்கூற்றாயிற்று. தேர்வாளர் தேடுவது அணியன்று, வினா. எதனை ஆராய விரும்புகிறீர், அதற்கு இதுவரை யாது படித்தீர், இப்பல்கலைக்கழகத்தில் அதனைக் கற்பிப்போர் யார் என்பனவற்றிற்கு அதில் விடை இருத்தல் வேண்டும்.

மறுமுறை அவர் எம்மைக் கேளாமலே எழுதினார். நல்லது செய்தார்! எல்லை உடன்பாட்டால் மீன்பிடிப் பிணக்குத் தீராதது ஏன்? 2017 இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் மாற்றம் போதாதது ஏன்? இவையே அவர்தம் வினாக்கள். 1982 ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கைக்கு வித்திட்ட ஐக்கிய நாடுகள் மாநாட்டிற்கு 1973 முதல் 1980 இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான சேர்லி அமரசிங்க என்பதையும் அவர் எழுத்தாலேயே நாம் அறிந்தோம்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வோம். பட்டப் பெறுபேற்று விபரம் வேண்டும். பரிந்துரைக் கடிதங்கள் இரண்டோ மூன்றோ வேண்டும்; பெரிய பதவியினர் தரும் பொதுக் கடிதத்தினும், ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய விரிவுரையாளரின் கடிதமே பயன்தரும். தமிழ்மொழிமூலம் கற்றோர் இடறுவது ஆங்கிலத் தேர்விலே. ஐயெல்ற்ஸ் தேர்வில் ஆறரை அல்லது ஏழு புள்ளியைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பெறுபேறு ஈராண்டுக்கே செல்லும். ஆதலின் பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே பயிற்சியைத் தொடங்குக.

எங்கே கற்பது? கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனத் தனிப் பிரிவு உண்டு. புதுதில்லியில் 1955 இல் தோன்றிய சர்வதேசக் கற்கைக் கழகம் 1970 இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. சார்க் நாடுகள் கூடி நிறுவிய தென்னாசியப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேயே உள்ளது. பிரித்தானியா செல்வோர்க்குச் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டுப் படிப்பின் செலவை ஏற்கும். ஆனால் ஈராண்டுத் தொழில் அனுபவம் முன்னரே வேண்டும், படித்தபின் ஈராண்டு தாய்நாட்டில் இருத்தலும் வேண்டும். இவ்விதியை அறியாது பட்டம் பெற்ற கையோடு விண்ணப்பித்து ஏமாந்தோர் எம்மூரிலும் உளர். மீன்பிடிச் சங்கத்திற் கணக்கெழுதிய காலமும் அனுபவமாகலாம். அதற்குரிய கடிதத்தை அன்றே பெற்று வைத்தல் நன்று.

எம் மாணவர் இம்முறை இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்துள்ளார். கட்டணத்திற்காகத் தந்தையார் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றை விற்றார். மறுமொழி வருமுன்னரே இக்கட்டுரை அச்சகம் செல்கின்றது.