துறுதுறு பையனுக்கு மூளையில் "பிரேக்" 3 வருடம் லேட்!
படம் பிடித்துக் கண்டுபிடித்தார்கள் டாக்டர்கள்

"ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான். சொன்னா காதுலயே வாங்கிறதில்லை. நாலு போட்டாத்தான் திருந்துவான்!"

துறுதுறு பையன்களைப் பெற்றவர்கள் எந்த ஊரிலும் சொல்லும் புகார் இது. கடைசியில் பழி விழுவது தாயார் தலையில். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்பார்கள்.

வளர்ப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விஷயம் மூளையில் இருக்கிறது!

அமெரிக்காவில் பெதஸ்டா நகரில் தேசிய மனநல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே டாக்டர் பிலிப் ஷா குழுவினர், "ஏ.டி.எச்.டி." என்ற இந்தக் கோளாறு உள்ள 223 குழந்தைகளின் மூளையை ஸ்கேன் கருவியில் படம் பிடித்தார்கள். கோளாறு இல்லாத 223 குழந்தைகளையும் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது.

என்ன தெரிந்தது?

மூளையின் மேலுறை வளர வளரத் தடித்து, ஒரு வயதில் உச்சத்தைத் தொடும். மற்ற குழந்தைகளுக்கு அந்த வயது சராசரி ஏழரை. இவர்களுக்குப் பத்தரை! சுமார் 3 வருடம் தாமதம். வளரும் விதம் ஒன்றுதான், வேகம்தான் குறைவு.

தாமதம் அதிகம் தெரிந்தது நெற்றிப் பக்கத்து மூளையில். "பொறு, யோசித்துச் செய்" என்று பிரேக் போடும் இடம் அது. கை, காலை ஆட்டிவைக்கும் பகுதியோ சற்று முன்னதாகவே வளர்ந்துவிட்டது. எஞ்சின் ரெடி, பிரேக் ரெடியாகவில்லை. பையன் வேறு என்ன செய்வான், பாவம்!

"கணக்கு மாத்திரை"

1937-லேயே ஓர் அதிசயம் நடந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் டாக்டர் சார்லஸ் பிராட்லி, தலைவலிக்கு என்று குழந்தைகளுக்கு "பென்சிட்ரின்" கொடுத்தார். உசுப்பிவிடும் மருந்து அது. ஆட்டம் கூடும் என்றுதானே நினைப்போம்? 30 பேரில் பாதிப் பேர் அடங்கி உட்கார்ந்து பாடம் படித்தார்கள்! "கணக்கு மாத்திரை" என்று குழந்தைகளே பெயர் வைத்தார்கள்.

இந்த வகை மருந்து டோபமின், நார் அட்ரினலின் என்ற ரசாயனங்களை மூளையில் கூட்டுகிறது. அதனால் நெற்றிப் பக்கத்து பிரேக்குக்குப் பலம் கிடைக்கிறது.

அதற்காகக் குறும்பு செய்யும் எல்லாருக்கும் இந்த நோய் என்று நினைக்கக்கூடாது. ஸ்கேன் எடுத்தும் இதை முடிவு செய்ய முடியாது. வீட்டிலும் பள்ளியிலும் பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரித்துத்தான் டாக்டர் சொல்வார். மாத்திரையும் அவர் எழுதிக் கொடுத்தால்தான்.

பிரம்பால் அடித்தால் மூளை வேகமாக வளர்ந்துவிடாது!